நடுக்கடலில் நினைவுக்கு வந்த நண்டு வளை

எஞ்சின் அறையில் தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது. அது ஐப்பசி மாதம். புயல் அப்போதுதான் கடந்து போயிருந்தது. எங்கள் சிறிய ரோந்துக் கப்பலின் பக்கவாட்டில் விரிசல். பம்பு அடைத்துக்கொண்டது. கடற்படைப் பொறியியல் அதிகாரி நான். என் முகத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். விரிசலில் மர ஆப்பும் துணியும் வைத்து உள்ளேயிருந்து அடித்தோம்.

"சார், அடிக்க அடிக்கத் தள்ளிக்கிட்டு வருது," என்றார் அதிராம்பட்டினத்துக்காரரான மூத்த மாலுமி காதர்.

கப்பலில் நாற்பது உயிர்கள். திரும்பி நின்று வேண்டினேன். நாங்கள் இந்துக்கள்தான், ஆனாலும் ஆபத்தென்றால் எங்கள் தெருவில் முதலில் வாயில் வருவது நாகூர் ஆண்டவர் பெயர். 'ஆண்டவரே, பம்பை ஓட வைங்க' என்றேன்.

பம்பு ஓடவில்லை. வயல் வரப்பில் நண்டு போட்ட வளைதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஓட்டை வழியாக வயல் தண்ணீர் ஓடிவிடும்; அதை அடைக்க வேண்டும். தண்ணீர் வெளியேறும் பக்கம் சேற்றை அப்பினால் அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் நிற்கும் பக்கம் வைக்கோலும் சேறும் திணித்தால் தண்ணீரே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இங்கே தண்ணீர் நிற்கும் பக்கம் கடல்.

மெத்தையைத் தார்ப்பாயில் வைத்துத் தைத்து, கயிறு கட்டி, கப்பலுக்கு வெளியே விரிசலுக்கு நேராக இறக்கினோம். விரிசல் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. பீறிட்ட தண்ணீர் கசிவாகக் குறைந்தது. வாளியால் இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தோம்.

"இத எங்க சார் கத்துக்கிட்டீங்க?" என்று காதர் கேட்டார்.

தஞ்சாவூர்க்காரன் என்றால் மிராசுதார் வீட்டுப் பிள்ளை என்று கப்பலில் நினைத்திருந்தார்கள். நானும் மறுத்ததில்லை.

"வயல்லதான். நாங்க கூலிக்குப் போன குடும்பம். நானும் போயிருக்கேன்."

"அதானா," என்று சொல்லிவிட்டு அவர் வாளியை எடுத்துக்கொண்டார். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் பயந்தேன் என்றிருந்தது.

ஒன்றை மட்டும் இன்றும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வெளியிலிருந்து அடைக்கும் முறை பயிற்சியிலேயே உண்டு. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அன்று அந்தப் பாடம் ஏன் வரவில்லை? எப்போதோ கைவிட்ட வயல் வேலை ஏன் வந்தது? அதை அந்த நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தது யார்? பதில் எனக்குத் தெரியும் என்று நம்புகிறேன். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

கப்பலைக் காப்பாற்றியதற்காக எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அதிகாரியாகப் பதவியேற்ற நாளில், "ரொம்ப தூரம், வர வேணாம்" என்று அப்பா அம்மாவைத் தடுத்தவன் நான். இந்த முறை நானே போய் அழைத்து வந்தேன். விருந்தில் ஒரு பெரிய அதிகாரி அப்பாவிடம் என்ன தொழில் என்று கேட்டார். என்ன சொல்லட்டும் என்பது போல அப்பா என்னைப் பார்த்தார்.

"வயல் வேலை, சார். அந்த வேலைதான் எங்க கப்பலக் காப்பாத்துச்சு," என்றேன்.

தவிப்பில் இருப்பவர்களே, கூசாமல் வேண்டிக் கேளுங்கள். உதவி எந்த வழியாக வர வேண்டும் என்று மட்டும் நாம் முடிவு செய்ய வேண்டாம். எனக்கு அது, நான் வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்த இடத்திலிருந்து வந்தது.