எலும்பு வரை சந்தேகித்தவர்

பிலோமினா அக்கா இறந்த செய்தி, நான் வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் வந்தது. யாரோ யாருக்கோ அனுப்பி, மூன்று கை மாறி என்னிடம் வந்த செய்தி. அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வரத் தொடங்கியிருந்தன. நான் நம்பவில்லை. அவரோடு பழகிய எவரும் அப்படி வந்த செய்தியை நம்பியிருக்க மாட்டார்கள். "ஆர் சொன்னது? அவருக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டுக் கேட்டு எங்களையும் அப்படியே ஆக்கிவிட்டிருந்தார். அடுத்த நிலையத்தில் இறங்கி அவர் மகன் ஜெரோமை அழைத்தேன். "ஓம் அன்ரி. விடியக்காலமை. நித்திரையிலேயே போயிட்டா" என்றான். அப்போதும் மனம் ஒப்பவில்லை. அவர் கணவர் அன்ரனி அண்ணன் போனை வாங்கி, ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்ததைக் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டேன்.

மெல்பனில், உணவுப் பொருட்களில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கூடம் ஒன்றில் நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் யாழ்ப்பாணம், நான் திருச்சி. முதல் நாள் என்னைப் பார்த்து "நீர் எவ்விடம்?" என்றார். எங்கள் ஊரில் அந்த 'நீர்' நாடக மேடையில்தான் கேட்கும். அவர் என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அன்று முழுவதும் முகம் கொடுக்கவில்லை. அவரும் என்னைச் சந்தேகித்திருக்கிறார். நான் எடுத்து வைத்த மாதிரிகளை எனக்குத் தெரியாமல் இன்னொரு முறை சரிபார்த்தாராம். இதைப் பின்னால் அவரே சொன்னார். மன்னிப்பாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

அந்த ஆண்டின் கிறிஸ்மஸ் விருந்தில் அலுவலக மேசை நடுவே பெரிய ஹாம் ஒன்று வைத்திருந்தார்கள். உப்புநீரில் ஊறவைத்துப் புகையில் வேகவைத்த முழுப் பன்றித்தொடை. இந்த நாட்டில் கிறிஸ்மஸ் என்றால் அதுதான் மேசைக்கு ராஜா. அக்கா அதைச் சுற்றி ஒரு முறை நடந்தார். எப்போது வெட்டினது, எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது, கத்தியைத் துடைத்தது யார் என்று கேட்டார். பதில் சொன்ன மேலாளரின் முகம் சிவந்துபோனது. பிறகு அக்கா தன் கைப்பையிலிருந்து சோற்றுப் பெட்டியை எடுத்துத் திறந்தார். "நாங்கள் வருஷம் முழுக்க என்னத்தைப் பார்க்கிறம் எண்டு தெரிஞ்சும் இவையள் இதைத் தின்னுறினம், வத்சலா" என்றார். "எனக்கு ஹாம் எண்டால் உயிர். அதாலதான் தின்னேல்லை."

அதற்கடுத்த ஆண்டு அவரே ஹாம் செய்யத் தொடங்கினார்.

தொடை வாங்கப் போகும்போது என்னையும் ஒரு முறை கூட்டிப்போனார். கிளென் வேவர்லியில் அவர் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஓர் இறைச்சிக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருந்த எதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே குளிரறையில் இருப்பதைக் கொண்டுவரச் சொன்னார். எலும்பு நீக்கிச் சுருட்டிய தொடையைக் கடைக்காரர் காட்டியபோது தலையை ஆட்டிவிட்டார். வெளிநாட்டுப் பன்றியை எலும்போடு இங்கே இறக்குமதி செய்ய விடமாட்டார்கள். எலும்பு இருந்தால் இந்த மண்ணில் வளர்ந்தது என்று அர்த்தம். "பேப்பரில ஆரும் எதையும் எழுதலாம். எலும்பு பொய் சொல்லாது" என்றார். பிறகு பையிலிருந்து நீளமான எஃகு ஊசி ஒன்றை எடுத்து, எலும்பை ஒட்டி ஆழமாகக் குத்தி, வெளியே இழுத்து, மூக்கருகே கொண்டுபோனார். இறைச்சி கெடும்போது முதலில் எலும்போரம்தான் புளிக்குமாம். மேல்தோல் அழகாகவே இருக்குமாம். முதல் தொடையைத் தள்ளிவிட்டார். இரண்டாவதையும் தள்ளினார். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவதைக் குத்திய ஊசியைக் கடைக்காரரின் மூக்குக்கு நேரே நீட்டி, மணந்து பாரும் என்பதுபோல் தலையசைத்தார். அந்த மனிதர் மணந்து பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு டிசம்பரும் அக்காவுக்கென்று ஒரு தொடையை உப்புநீரில் ஊறவைத்துத் தனியாக எடுத்து வைப்பார். அக்கா அதையும் குத்திப் பார்த்துத்தான் வாங்குவார்.

புகை போடுவது வீட்டுக்குப் பின்னால், பின்வளவில். மூடி போட்ட கறுப்பு அடுப்பு, ஓரத்தில் கரி, அதன்மேல் ஆப்பிள் மரத்துண்டுகள். விறகையும் அவர் நம்பியதில்லை. வண்ணமோ மருந்தோ பூசிய பலகையை உடைத்துக் கலந்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு துண்டாக முகர்ந்துதான் போடுவார். வெப்பமானி இரண்டு வைத்திருந்தார். இரண்டும் இரண்டு எண் காட்டியதால் மூன்றாவது ஒன்றை வாங்கினார். "இப்ப மூண்டு பொய்யன்" என்று அன்ரனி அண்ணன் குசினி என்று அவர்கள் சொல்லும் சமையலறையின் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தபடி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பகல் முழுக்கப் புகைந்த அந்தத் தொடையை ஆறவைத்து, வினிகர் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைப்பார். கிறிஸ்மஸ் மதியம் இங்கே குடும்பம் இல்லாதவர்களெல்லாம் அந்த வீட்டுக்கு வருவார்கள். படிக்க வந்த பிள்ளைகள், துணையை இழந்த முதியவர்கள், சண்டை போட்டுக்கொண்டு தனியே இருப்பவர்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கெடுபிடி எல்லாம். தன் கையால் கொடுத்து ஒருவருக்கு நோய் வந்துவிடக்கூடாது என்பது அவருடைய பெரிய பயம்.

ஜெரோம் பிரியாவைக் கல்யாணம் செய்தபோது இந்தச் சந்தேகம் வீட்டுக்குள்ளும் வந்தது. பிரியா கோயம்புத்தூர்ப் பெண், முட்டைகூடத் தொடாதவள். ஹாம் வெட்டும்போது அவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பாள். "காத்துக்கு இல்லை, எனக்குக் காட்டத்தான் திறக்கிறாள்" என்பார் அக்கா. அவர்கள் வீட்டுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்ட ஹாமை அவள் ஜெரோமுக்குத் தெரியாமல் குப்பையில் போடுகிறாள் என்றும் உறுதியாக நம்பினார். ஆதாரம் உண்டா என்று கேட்டேன். "இன்னும் இல்லை" என்றார். என்னைப் பிரியாவிடம் நைசாகக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. கேட்டதாகவும் ஒன்றும் இல்லையென்றும் சொன்னேன். அதை அவர் நம்பினாரா என்பது வேறு விஷயம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு குளிர்காலத்தில் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்து போனது. அதற்கப்புறம் அவரிடம் ஏதோ மாறியிருப்பதாக எனக்குப் பட்டது. எங்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து புகை நாற்றம் கூடம் வரை வந்தது. நான் ஓடினேன், அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாசலில் நுழையும்போதே என்ன குழம்பு என்று சொல்லக்கூடியவர். ஞாபகம் தப்புகிறதோ, பேசுவது புரியவில்லையோ என்று நான் அவரை உளவு பார்க்கத் தொடங்கினேன். பழைய பெயர்களைக் கேட்டேன். எல்லாம் சரியாகச் சொன்னார். கடைசியில் அவரே கோபப்பட்டார். "என்னை ஏன் சோதிக்கிறீர்? எனக்கு மண்டையில ஒண்டும் இல்லை. மூக்குத்தான் போயிட்டுது. காய்ச்சலோட போனது, வரேல்லை. வீட்டில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீரும் சொல்லாதேயும்."

அந்த ஆண்டு கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் வெயில் கொளுத்தியது. காலையில் எனக்கு அழைப்பு வந்தது. "உடன வாரும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். போனபோது கார்க் கொட்டகையில் நின்றார். கிறிஸ்மஸுக்காக ஜெரோமும் பிரியாவும் இரண்டு நாள் முன்பே அங்கே வந்து தங்கியிருந்தார்கள். ஹாம் வைத்திருந்த குளிர்பெட்டியின் கதவு ஒரு விரல் அளவு திறந்து கிடந்ததாம். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. உள்ளே கைவைத்துப் பார்த்தேன், குளிர்ச்சியே இல்லை. ஹாம் பார்க்க எந்தக் குறையும் இல்லாமல் தேன் நிறத்தில் பளபளத்தது.

அவர் ஊசியைக் குத்தி எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கக்கூடாதென்று கதவை மூடிக்கொண்டார். அன்ரனி அண்ணன் முகர்ந்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றார். ஜெரோம் "இட்ஸ் ஃபைன், அம்மா" என்றான். அவர்களுக்கு முன்பே முகர்ந்த எனக்குப் புகையும் வினிகரும்தான் தெரிந்தன. தெரியவில்லை என்று சொல்லியிருந்தேன். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு தவிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லோரையும் சந்தேகிக்கலாம், அவரிடம் அவர் மூக்கு இருந்த வரை. இப்போது அதுவும் கைவிட்டிருந்தது.

அப்போது கதவைத் தட்டி பிரியா உள்ளே வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. "அத்தை, நான் பாக்கட்டுமா?" என்றாள்.

"நீர் இதைத் தொட மாட்டீரே?"

"தொட வேண்டாம். குடுங்க."

ஊசியை வாங்கி முகர்ந்தாள். உடனே திரும்பி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் முகர்ந்தாள். "எனக்கு எப்பவுமே இது நாத்தம்தான் அத்தை. ஆனா முந்தாநேத்து அடுப்புல இருந்து எடுத்தப்போ இருந்த நாத்தம் வேற. இது வேற. உள்ள புளிச்ச மாதிரி ஏதோ இருக்கு."

"பிரியா, உனக்கு இது பிடிக்காது. அதான் அப்படித் தெரியுது" என்றான் பின்னாலேயே வந்த ஜெரோம்.

பிரியா அவனைப் பார்க்கவில்லை. "இன்னொண்ணும் சொல்லணும். நேத்து சாயங்காலம் நான்தான் பழம் எடுக்க இந்த ஃபிரிட்ஜைத் திறந்தேன். சரியா மூடினேனான்னு எனக்கு ஞாபகம் இல்லை."

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். இத்தனை வருடம் தேடிய ஆதாரம் தானாக வந்து கையில் விழுந்திருந்தது. அவர் பிரியாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஹாமைத் துணியோடு தூக்கினார். "ஜெரோம், மண்வெட்டியைக் கொண்டு வா" என்றார். எலுமிச்சை மரத்தடியில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தோம்.

மறுநாள் விருந்தில் கோழியும் இறாலும் இருந்தன. ஹாம் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். குசினிப் பக்கம் இரண்டு அன்ரிமார் குரலைத் தாழ்த்திப் பேசியதை நானே கேட்டேன். "மருமகள் நிப்பாட்டிப் போட்டாள் போல." "பின்ன? சைவக்காரி எல்லோ." அக்காவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஹாமை நான்தான் எறிஞ்சனான். குளிர்பெட்டிக் கதவை நான்தான் வடிவாப் பூட்டேல்லை. மணந்து பார்த்தன், சரியில்லை." மணந்து பார்த்தாராம். பிரியா கையிலிருந்த தட்டோடு அப்படியே நின்றாள்.

விடுமுறை முடிந்து பரிசோதனைக்கூடம் திறந்ததும் அவரை அழைத்தேன். ஹாமைப் புதைப்பதற்கு முன் அவர் ஒரு துண்டு வெட்டி உறைபெட்டியில் வைத்ததை நான் பார்த்திருந்தேன்; மாதிரி எடுத்து வைக்காமல் எதையும் எறியும் பழக்கம் எங்கள் இருவருக்கும் இல்லை. "கொண்டு வாங்க அக்கா. உண்மையில் கெட்டதா இல்லையா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

"அதை எறிஞ்சு போட்டன்" என்றார்.

"ஏன்?"

"அந்தப் பிள்ளை தனக்குப் பாதகமானதையும் சேர்த்துச் சொன்னது, வத்சலா. பிறகும் நான் பரிசோதிச்சுப் பார்த்தால், அவளை நம்பினதெண்டு ஆகுமோ?"

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு டிசம்பரும் இறைச்சிக் கடைக்கு அவரோடு பிரியாதான் போனாள். அவள் கடைசி வரை ஒரு துண்டும் சாப்பிடவில்லை. ஜன்னலையும் திறந்தாள். அதைப் பற்றிய அக்காவின் புகார் நின்றதென்று சொன்னால் அவரை அறிந்த நீங்கள் சிரிப்பீர்கள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது பிரியா என்னைப் பின்வளவுக்கு அழைத்துப் போனாள். "ஆன்ட்டி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு எனக்கு வந்த நாத்தம் நிஜமா? அத்தை அதை டெஸ்ட் பண்ணியிருப்பாங்க. நல்லாத்தான் இருந்துச்சுன்னு தெரிஞ்சும் எனக்காகச் சொல்லாம விட்டுட்டாங்களோன்னு இத்தனை நாளா உறுத்துது."

நான் அந்தத் தொலைபேசிப் பேச்சை அவளிடம் சொன்னேன்.

"டெஸ்ட் பண்ணவே இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். "உங்களுக்குத் தெரியாம வேற எங்கயாவது?" என்று மறுபடி கேட்டாள். அத்தையிடம் கற்ற கேள்வி. எறிந்துவிட்டதாகத்தான் சொன்னார் என்றேன். அவள் புல்லிலேயே உட்கார்ந்து, அடக்கத்தின்போது அழாத அழுகையெல்லாம் அழுதாள்.

அவருடைய சந்தேகங்கள் என்னோடு இருக்கும். அவை என் தொழில். யார் சொன்னது என்று கேட்காமல் இனியும் எதையும் ஏற்கமாட்டேன். ஆனால் பிரியா கேட்ட கேள்வி எனக்கும் அவ்வப்போது எழுகிறது. அந்தத் துண்டை அவர் உண்மையிலேயே எறிந்தாரா? எங்கள் பழைய சகாக்கள் வேறு பரிசோதனைக்கூடங்களில் இருக்கிறார்கள். இரண்டு பேரை அழைத்துக் கேட்டால் தெரிந்துவிடும். அவர் எறிந்துவிட்டதாக என்னிடம் சொன்னார். அதை அவர் சொன்னபடியே வைத்துக்கொள்கிறேன்.