மட்டக்குதிரை லோடு

எங்கள் காலனிச் சனம் பெரிய தெருவில் ஊர்வலம் போனதே இல்லை. இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வோம், கேட்டால் சத்தியமும் செய்வோம். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு குருத்தோலை ஞாயிறன்று அந்தத் தெரு வழியாகப் போனது ஊர்வலம் அல்ல, லோடு. டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிய ஒரு மட்டக்குதிரை.

ஆந்திர எல்லையில், வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெரிய தெருவைத் தாண்டினால் காலனி, காலனிக் கடைசியில் மிஷன் காலத்துக் கோவில். குருத்தோலையைப் பிடித்துப் பாடிக்கொண்டு போக எங்களுக்கு வாய்த்தது காலனிக்குள் இரண்டு சந்து. முதல் ஆள் சுற்றி முடித்துத் திரும்பும்போது கடைசி ஆள் இன்னும் கிளம்பியிருக்க மாட்டார். அந்த வருஷம் என் நைனாவும் (அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) இன்னும் நாலு பேரும் பெரிய தெரு ஆட்களிடம் போய், அந்தத் தெருவில் ஒருமுறை வந்து போகிறோம் என்று கேட்டார்கள். முடியாது என்றார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கழுதை ஏறின சாமிக்குக் காலனியே அதிகம் என்று ஒரு வார்த்தையும் சேர்த்து அனுப்பினார்கள்.

மாமாவுக்கு, அதாவது என் அம்மாவின் தம்பிக்கு, அந்த வார்த்தைதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. மாமா டிராக்டர் ஓட்டுகிறவர். செங்கல், நெல்மூட்டை, மணல் என்று எதையும் ஏற்றுவார். "கழுத இன்னா கழுத, குதிரையவே இட்டுக்கினு வரேன்" என்றார். வேதத்தில் இருப்பது கழுதைதான் என்று போதகர் மன்றாடிப் பார்த்தார். "கழுதைக்கு நான் எங்க போவேன் பாஸ்டரே? இந்தப் பக்கம் கழுதையப் பாத்தே எத்தினி வருசம் ஆவுது! மட்டக்குதிரைன்னா கழுதைக்குத் தம்பி, அட்ஜஸ் பண்ணிக்குங்க" என்று மாமா வாயை அடைத்துவிட்டார்.

சூளூர்பேட்டையில் கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் குதிரை விடுகிறவர் ஒருவர் இருந்தார். ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக நானும் மாமாவும் அங்கே நின்றோம். மூன்று நாள் அழுது வாங்கிய பயணம் அது. குதிரை என் தோளுயரம்தான் இருந்தது. சந்தன நிறம், கண்ணை மூடுகிற பிடரி மயிர். பார்த்த நிமிஷத்தில் அது என்னுடையது என்று முடிவு செய்துகொண்டேன்.

குதிரைக்காரர் லேசில் அதை விட்டுவிடவில்லை. டிரெய்லரின் இரும்புத் தளத்தைக் கையால் தேய்த்துப் பார்த்து, குளம்பு வழுக்கும் என்று மணல் கொட்டச் சொன்னார். மணலை நனைத்து அதன்மேல் வைக்கோலைப் பரப்பினோம். குதிரை திரும்ப முடியாதபடி இரண்டு பக்கமும் வைக்கோல் அடைத்த சாக்குகளை நெருக்கி வைத்தோம். பலகையில் ஏறமாட்டேன் என்று அது அடம் பிடித்ததால், ஒரு மண்மேட்டை ஒட்டி டிரெய்லரைப் பின்னால் விட்டு, தளமும் மேடும் சமமானதும் ஒரு கைப்பிடி கொள்ளு காட்டினார். வீட்டுக்குள் நுழைவதுபோல் உள்ளே போய்விட்டது. கயிற்றை ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போட்டு, அதை அவிழ்க்க எனக்கு இரண்டு தடவை பழக்கினார். வழியில் கண்டதையும் போடக்கூடாது, அவர் கட்டிக்கொடுத்த புல் மட்டும்தான். பிரேக்கை வெடுக்கென்று மிதிக்கக்கூடாது. "மேடு பள்ளம்னா அது கால் நிக்காது. மெல்லகா போவால, ஜாக்ரத்தை" என்று பாதித் தெலுங்கில் மெதுவாகப் போகச் சொன்னார். நான் அத்தனையையும் வாய்ப்பாடாக்கிக்கொண்டேன். முன்மூலையில், நடுவே கட்டிய மூங்கிலுக்கு இந்தப் பக்கம் எனக்கு இடம்.

மாமா நல்ல பிள்ளையாக ஓட்டினார். ரயில்வே கேட்டில் தண்டவாளம் ஏறும்போது டிராக்டர் நகர்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. நடுவில் ஒரு தடவை நிறுத்தி, வீட்டிலிருந்து கொண்டு வந்த பக்கெட்டில் தண்ணீர் காட்டினோம். குதிரை குடித்துவிட்டு என் சட்டைக் கையைச் சப்பியது.

பெரிய தெரு முனைக்கு வந்தபோது காலனியே அங்கே நின்றிருந்தது. கிழம் கட்டை, கைப்பிள்ளை எல்லாம். ஆளுக்கொரு தென்னங்குருத்து கையில். அவர்களுக்கு எதிரே பெரிய தெரு ஆட்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர்தான் நைனாவுக்கு முடியாது என்றவர்.

"ஊர்வலம் வேணாம்னு சொன்னமா இல்லியாடா?" என்றார் அவர்.

"ஊர்வலம் எங்கண்ணா? இது லோடு. எறக்க ஆள் வேணும்னு இவங்கள வரச் சொன்னேன்" என்றார் மாமா.

"லோடுன்னா ஏரிக்கரை மேல போ."

ஏரிக்கரைப் பாதை மழையில் அரித்துக் கிடந்தது. வெறும் டிரெய்லரே அங்கே ஒரு பக்கமாகச் சாயும். மாமா பேசுவதற்குள் நான் கத்தினேன். குளம்பு வழுக்கும், மேடு பள்ளத்தில் கால் நிற்காது, விழுந்தால் எழுந்திருக்காது, வெடுக்கென்று நிறுத்தக்கூடாது என்று மனப்பாடம் முழுவதையும் அழுதுகொண்டே ஒப்பித்தேன். "குதிர செத்துப் போச்சுன்னா நீங்கதான் காரணம்! நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்!" என்றும் சொன்னேன். பெரிய தெரு மனிதரை எங்கள் பக்கத்துப் பிள்ளை அப்படிப் பேசியதில்லை.

அவர் என்னைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். அவருடைய எருமை ஒன்று அதே ஏரிக்கரையில் வண்டியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடந்ததை ஊரே அறியும். அது கிடந்த நாலு நாளும் அவர் சோறு தின்னவில்லை என்று சொல்வார்கள்.

"அவங்க கையில இன்னாத்துக்கு ஓல?"

"குதிரைக்குத் தீனிண்ணா."

பச்சைப் பொய்! கண்டதையும் போடக்கூடாது என்று குதிரைக்காரர் அத்தனை தடவை சொல்லியிருக்கிறாரே என்று நான் வாயைத் திறந்தேன். டிரெய்லரை ஒட்டி நின்ற அம்மா, பலகைச் சந்துக்குள் கையை விட்டு என் கணுக்காலை ரத்தம் கட்டுகிற மாதிரி கிள்ளினாள். திறந்த வாய் "ஆ" என்பதோடு மூடிக்கொண்டது.

"போ. சீக்கிரமா போய்த் தொலை" என்றார் அவர்.

"சீக்கிரமா போனா வுழுந்துடும்ணா" என்றார் மாமா, முகத்தைப் பாவம்போல் வைத்துக்கொண்டு.

அப்படித்தான் லோடு கிளம்பியது. எறும்பு முந்திப் போயிருக்கும். டிரெய்லருக்குப் பின்னால் குதிரையின் தீனியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் சனம் நடந்தது. பாதித் தெருவில் குதிரை தலையை ஒரு தடவை ஆட்டியது. ஈ உட்கார்ந்திருக்கும். மாமா திரும்பி, "மெரளுதுபா, இன்னாவாச்சும் பாடுங்க" என்றார். முதலில் போதகர் மெல்ல ஆரம்பித்தார். பிறகு நைனா. பிறகு எல்லோரும், குதிரைக்கு மட்டும் கேட்டால் போதாது என்பதுபோல. பெரிய தெருப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். என் வகுப்புப் பையன் ஒருவன் எனக்குக் கையாட்டி அடி வாங்கினான். ஐந்து நிமிஷத்தில் கடக்கிற தெரு அரைமணி நேரம் ஆனது. எனக்கோ ஆத்திரம். நான் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு, இந்தக் கூச்சலில் அது நிஜமாகவே மிரண்டுவிடப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கோவிலில் நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. குதிரையைச் சுற்றி வந்தோம், போதகர் கழுதையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார், மத்தியானம் திரும்பக் கொண்டு விடக் கிளம்பினோம்.

அப்போதுதான் மாமாவின் யோக்கியதை தெரிந்தது. பெரிய தெருவில் ஏறியதும் எல்லா வண்டியும் போகிற வேகத்தில் ஓட்டினார்! "மெதுவா மாமா, மெதுவா! வுழுந்துடும்" என்று டிரெய்லர் தகரத்தைத் தட்டித் தட்டி என் உள்ளங்கை சிவந்தது. அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். குதிரை நாலு காலையும் ஊன்றி, சாக்கில் சாய்ந்து, புல்லை மென்றுகொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் புகார் சொன்னேன். "காலைல அந்த ஆள் நின்னாருன்னு பயந்துக்கினு மெதுவா வந்தாரு. யாரும் இல்லன்னதும் பறக்கிறாரு. உன் தம்பி பயந்தாங்கொள்ளி."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள், தம்பியைச் சொன்னதும் ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்தேன். விடவில்லை. மாமா பெரிய தெருவுக்குப் பயந்தவர் என்று காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொன்ன இடமெல்லாம் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

பயந்தவர்கள் அந்தத் தெருவில் எப்படிப் போவார்கள் என்று எனக்கா தெரியாது! தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தலை நிமிராமல், ஓடாத குறையாக அதைக் கடப்பாள். காலனியில் எல்லோருக்கும் அதே நடைதான். அந்த ஒரு நாள் காலையில்தான் அவள் அங்கே மெதுவாக நடந்தாள். குதிரைக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.