பொறுப்பேற்பவர் கையெழுத்து

நம் பம்பு கம்பெனியின் கூடைப்பந்து அணிச் சட்டையில் தைக்க வேண்டிய கறுப்புப் பட்டையின் அகலம் ஒன்றரை அங்குலம் என்று, நிர்வாகக் குழு நீண்ட ஆலோசனைக்குப் பின் ஒருமனதாக முடிவெடுத்தது. இரண்டு அங்குலம் என்றால் பம்பு செட்டின் படம் மறைந்துவிடுமாம். சரக்கு பார்க்க ஈரோடு போயிருந்த எனக்கு, கைப்பேசியில் வந்த அந்தச் சுற்றறிக்கைதான் கோச் கதிர்வேல் இறந்துவிட்டார் என்று சொன்னது.

தொழில்முறை லீக்கில் நமக்கு இது முதல் ஆண்டு. கொள்முதல் பிரிவில் இருந்த என்னையே அணிக்கும் மேலாளர் ஆக்கினார்கள். வீரர்களும் கம்பெனி ஊழியர்களே என்பதால் காலை எட்டு மணிக்குக் கார்டு பஞ்ச் செய்துவிட்டு, மதியம் வரை பம்பு சோதனைப் பிரிவில் நின்றார்கள். கோச்சும் அவர்களோடு வரிசையில் நின்று பஞ்ச் செய்தார். "பந்து போனாப் போகுது, காலை நிறுத்தாதீங்க கண்ணு" என்று அந்த வரிசையிலும் சொல்வார்.

ஆறாவது ஆட்டத்திலும் தோற்றபோது முதலாளி உடைமாற்றும் அறைக்கே வந்தார்.

"ஏனுங்க கோச், பசங்க நல்ல உசரமாத்தானுங்க இருக்கறாங்க. அப்புறம் என்னங்க?"

"உசரம் இருக்குதுங்க. காலையிலிருந்து நின்னு நின்னு, குதிக்கறதுக்குத்தான் தெம்பு இல்லீங்க."

முதலாளி சிரித்தார். ஷிஃப்ட் மாறவில்லை.

அடுத்த வாரம் போத்தனூரில் வீட்டுப் படியேறும்போது கோச்சுக்கு நெஞ்சு வலித்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து அடைப்பைப் பார்த்துவிட வேண்டும் என்றார் டாக்டர். விடுப்புப் படிவத்தில் 'பொறுப்பேற்பவர் கையெழுத்து' என்று ஒரு கட்டம் உண்டு. லேத் ஓட்டுபவருக்குப் பக்கத்து லேத்காரர் போடுவார். கோச்சின் படிவம் அந்தக் கட்டம் காலியாக இருந்ததால் திரும்பி வந்தது.

"எனக்குப் பதிலா யாருங்க போடறது? ரெஃப்ரியா?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதி நீட்டினார். "மூணு நாள்தானுங்க. ஓரமா நின்னு கை தட்டுனாப் போதும்."

"எனக்குப் பந்தைப் பத்தி என்னங்க தெரியும்? தோத்துப்போட்டா என்னையத்தான் கேப்பாங்க. சீசன் முடியட்டுங்க கோச், பார்த்துக்கலாம்."

"சரிங்க" என்றார். வற்புறுத்தவில்லை.

எட்டாவது ஆட்டத்தில் முதல்முறையாக வென்றோம். மறுநாள் மாலைப் பயிற்சியில் வளையத்துக்கு அடியில் உட்கார்ந்தவர் எழவில்லை.

அவருடைய விசிலைக் கேப்டன் வைத்திருக்கிறான். என்னிடம் இருப்பது அந்தப் படிவம்: அவர் கையெழுத்தில் என் பெயர், பக்கத்தில் காலி இடம்.

சுற்றறிக்கையில் இரண்டாவது பத்தி ஒன்றும் இருந்தது. சனிக்கிழமை ஆட்டத்திலிருந்து, மறு உத்தரவு வரும்வரை, பயிற்சியாளர் பொறுப்பை நான் கவனிப்பேன்.