'புஸ்' சத்தத்திடம் தோற்றேன்

இன்று காலை என் பட்டறைக்கு ஒரு டர்போ பெட்ரோல் கார் வந்தது. மலை வளைவுகளில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் அணைந்துவிடுகிறதாம்.

பானெட்டைத் திறந்தேன். டர்போவின் மிச்சக் காற்றை எஞ்சினுக்கே திருப்பிவிடும், காரோடு வந்த வால்வைக் கழற்றிவிட்டு, அதை 'புஸ்' என்று வெளியே ஊதும் வால்வு ஒன்றை மாட்டியிருந்தார் உரிமையாளர்.

சென்சார் அளந்து அனுப்பிய காற்றை இது வெளியேற்றிவிடுகிறது. இல்லாத காற்றை நம்பி எஞ்சின் பெட்ரோலை ஊற்றித் திணறுகிறது. ஆகவே பழைய வால்வே உகந்தது என்று முறையாக எடுத்துரைத்தேன்.

"அய்யோ, சத்தம் பூடுமேக்கா! இந்த புஸ்ஸு கேட்டா, பஸ்ஸு வந்துடுச்சுன்னு மலைமேல கரியாலூர்ல ஜனங்க பையத் தூக்கிக்கினு எழுந்து நிக்குதுங்க!"

"வளைவுல எஞ்சின் நின்னா ஸ்டியரிங் கல்லாட்டம் ஆயிடும் தம்பி. இந்த வண்டில யார ஏத்திக்கினு போறீங்க?"

"பொண்டாட்டி, புள்ளைங்க."

சற்று யோசித்தார். எனக்கு நம்பிக்கை துளிர்த்தது.

"அப்போ வளைவுல காலையே எடுக்காம ஓட்டிக்கிறேன்க்கா."

காலை எடுக்காவிட்டால் அந்தச் சத்தமே வராது என்று நான் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

இத்தகையோருக்கு எப்படிப் புரியவைப்பது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். என்னிடமிருந்த தமிழ் தீர்ந்துவிட்டது.