ஹத்தா சாலையில் ஒரு பாட்டில் தேன்

"இஸ்ரவேல் ஜனத்துக்கே வனாந்தரத்தத் தாண்ட நாப்பது வருஷம் ஆச்சு. நீங்க மூணு பொம்பளைங்க ஒரே நாள்ல போயிட்டு வந்துருவீங்களாக்கும்!"

துபாயில் எங்கள் ஜெப ஐக்கியத்தின் செயலாளர் அண்ணன் இப்படிச் சொன்னதும் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய்க் காரை எடுத்தேன்.

என் அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். நர்சிங் முடித்து, துபாயின் அல் குசைஸ் பகுதியில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். 1996ஆம் வருடத் தொடக்கத்தில் டிரைவிங் லைசென்ஸும் வாங்கினேன். கிளினிக் டாக்டரம்மா தன் பழைய காரை ஒரு நாள் ஓட்டக் கொடுத்தார். வேதத்தில் வாசித்த வனாந்தரம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டும், அங்கே முழங்கால் போட்டு ஜெபிக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

மார்ச் மாதம். இங்கே வாராந்திர விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் அதுதான் எங்களுக்கு ஆராதனை நாள். காலை ஆராதனை முடிந்ததும், பாலைவனம் தாண்டி மலைப்பக்கம் போகும் ஹத்தா சாலையில் புறப்பட்டோம். என்னோடு வந்தவர்கள் இரண்டு பேர். ஷார்ஜாவில் தையல் வேலை செய்யும் ஸ்டெல்லா ஒருத்தி. மற்றவர், ஒரு அரபி வீட்டில் சமையல் செய்யும் ஞானம் அக்கா. இரண்டு பேருமே எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்.

முதலில் சிவப்பு மணல் மேடுகள். பிறகு ஒரு புல்கூட இல்லாத கருத்த மலைகள். அங்கங்கே ஒற்றை முள்மரம், அதன் நிழலுக்குச் சண்டை போடும் ஆடுகள்.

"ஏட்டி, இந்த மண்ணுல நடந்துட்டு முறுமுறுக்காம இருக்க முடியுமா? நானா இருந்தா ரெண்டாம் நாளே எகிப்துக்குத் திரும்பியிருப்பேன்" என்றாள் ஸ்டெல்லா.

"அவிய எகிப்துல தின்ன வெள்ளரிக்காயும் வெங்காயமும் கேட்டதுல தப்பே இல்ல பிள்ள" என்றார் ஞானம் அக்கா.

மலை தொடங்கும் இடத்தில் ஒருவர் தேன் விற்றுக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா ஒரு பாட்டில் வாங்கினாள். "பாலும் தேனும் ஓடுற தேசம்னு வேதத்துல இருக்குல்லா? தேன் கெடச்சாச்சு. பாலுக்கு அடுத்த ஒட்டகத்துக்கிட்ட கேப்போம்" என்றாள். சிரித்துக்கொண்டே ஒரு மண் பாதையில் காரைத் திருப்பினேன். மலையடிவாரத்தை நெருங்கும்போது பின் சக்கரம் மணலில் புதைந்தது. தள்ளினோம், தோண்டினோம். இன்னும் ஆழமாகத்தான் போனது. தார்ச்சாலை கண்ணுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் ஞானம் அக்கா தடுமாறி உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. என்னைப் பார்த்துத் தன் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். நிழலில் கிடத்தி, துப்பட்டாவை நனைத்து நெற்றியில் போட்டேன். பேச்சு குழறியது. கண் சொருகியது.

"ஏட்டி, நீ நர்ஸுல்லா? என்னமாவது செய்யேன்!" என்று ஸ்டெல்லா கதறினாள்.

எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. படித்தது எல்லாம் மறந்துபோனது. அந்த மணலிலேயே விழுந்தேன். "ஆண்டவரே, ஒரு வண்டியை அனுப்பும். இந்தத் தாயை எங்கள் கையிலிருந்து எடுத்துக்கொள்ளாதேயும்" என்று அழுதேன்.

வண்டி வரவில்லை. ஆனால் சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட ஒரு சம்பவம் உள்ளத்தில் வந்து நின்றது. போர்க்களத்தில் ஜனங்கள் எல்லோரும் உபவாசத்தால் சோர்ந்துபோகிறார்கள். ராஜாவின் மகன் மட்டும் கோல் நுனியால் தேனைத் தொட்டு வாயில் வைக்கிறான். உடனே அவன் கண்கள் தெளிகின்றன.

உபவாசம்! துள்ளி எழுந்தேன்.

"ஸ்டெல்லா, அக்கா காலையில சாப்பிட்டாவளா?"

"நான் இட்லி குடுத்தேனே. பொறவு சாப்பிடுதேன்னு பைக்குள்ள வச்சாவ."

பையைத் திறந்தேன். இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. பிறகு அக்காவே சொன்னார்: மகளின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்காக உபவாசம் எடுத்திருக்கிறார். உபவாசத்தை வெளியே சொல்லக் கூடாது என்பதால் எங்களிடமும் மறைத்துவிட்டார். ஆனால் தினமும் போடும் சர்க்கரை மாத்திரையைப் பழக்கத்தில் போட்டுவிட்டார். அக்காவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு; வெறும் வயிறு என்றதுமே எனக்குப் புரிந்தது: இது வெயில் இல்லை, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. வகுப்பில் நான் படித்த ஒவ்வொரு அடையாளமும் என் கண்முன்னே இருந்தது.

அக்காவை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தேனை விரலில் தொட்டு, கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினேன். "இயேசுவே, இயேசுவே" என்று ஸ்டெல்லா சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுக்கம் குறைந்தது. கண் திறந்தது.

"என்ன பிள்ள, வாயெல்லாம் இனிக்கி?"

நாங்கள் இருவரும் அழுதோம், சிரித்தோம். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்ததும் இட்லியைத் தேனில் தொட்டு ஊட்டினேன். "உபவாசம் போச்சே" என்றார். "உசுரு இருக்குல்லா, சாப்பிடும்" என்று ஸ்டெல்லா அதட்டினாள்.

அதன் பிறகுதான் வண்டி வந்தது. ஆடுகளை ஏற்றிக்கொண்டு போன ஒரு பிக்கப். வயதான அரபி ஒருவர் இறங்கி, "மாஃபி முஷ்கிலா, சிஸ்டர்" (ஒன்றும் பிரச்சினை இல்லை) என்று சொல்லிக் கயிறு கட்டி எங்கள் காரை வெளியே இழுத்தார். ஹத்தா ஆஸ்பத்திரி வரை முன்னால் வழிகாட்டிக்கொண்டே போனார். அங்கே அக்காவுக்கு குளுக்கோஸ் ஏற்றினார்கள். "சரியான நேரத்தில் சர்க்கரை கொடுத்தது யார்?" என்று டாக்டர் கேட்டார். "நான்தான்" என்றேன். எனக்கு ஞாபகப்படுத்தியவர் யார் என்பதையும் சொன்னேன்.

பிரியமானவர்களே, நான் வண்டியைக் கேட்டேன். ஆண்டவரோ, எனக்கு ஏற்கெனவே தந்திருந்த படிப்பை முதலில் எழுப்பிவிட்டார். எழுத்தறியாத வீட்டிலிருந்து என்னை அவர் ஏன் படிக்க அழைத்தார் என்று அந்த மணலில் தெரிந்துகொண்டேன். அதில் எனக்குப் பெருமைதான், அவருக்குள் பெருமை! நீங்களும் கூப்பிடுங்கள். கேட்ட விதத்தில் வராவிட்டாலும் பதில் வரும்.

ஞானம் அக்காவின் மகள் பரீட்சையில் தேறிவிட்டாள். வனாந்தரம் பார்க்க இன்னும் பத்துச் சகோதரிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கார் போதாது. அதனால் மினி பஸ் லைசென்ஸுக்குச் சேர்ந்துவிட்டேன். முதல் வகுப்பு போன வாரமே முடிந்தது.