வெள்ளைச்சியைத் தேடிய பஸ் பயணம்

இன்று தன்லியின் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் கோ லின்னைப் பார்த்தேன். ஷான் மலையில் குதிரைகளில் மூட்டை ஏற்றிப் போனவர். மலையேற்றம் போன நாங்கள் பையைச் சுமந்து நடந்ததும் அதே ஒற்றையடிப் பாதைதான். முதல் நாளே திட்டினார்: "ஒதுங்கி நின்னா போதாது, பேசுப்பா. இவ்வளவு பெரிய பையோட சும்மா நின்னா குதிரைக்கு நீ மனுசன்னு தெரியாது."

சண்டையில் பாதை மூடிவிட்டது. இப்போது அவருக்கு இங்கே தொழிற்சாலை வேலை.

"குதிரைங்க?"

"ரெண்டை வித்துட்டேன். வெள்ளைச்சி கிழம், யாரும் வாங்கல. மேட்டுல அவுத்து விட்டேன். நான் ஏறி வந்த லாரி பின்னாலயே கொஞ்ச தூரம் வந்துச்சு."

பிறகு, "உன் போன்ல மேலேருந்து எடுத்த படம் வருமே, அந்த மேட்டைக் காட்டு" என்றார்.

காட்டினேன். தேடித் தேடி ஒரு வெள்ளைப் புள்ளியில் விரலை வைத்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? "இது பழைய படம் அண்ணே. நீங்க கிளம்புறதுக்கு முன்னாடி எடுத்தது."

"அப்படியா? அப்ப நானும் பக்கத்துலதான் இருப்பேன். இன்னும் பெருசாக்கு."

அவர் இறங்கும்வரை பெரிதாக்கிக்கொண்டே இருந்தேன். சர்வே படித்தவன் நான். இதற்கு மேலும் பெரிதாக்க வழி தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.