காலி வலையில் போன புள்ளி

டேரில் ஹோலோவாட்டிக்கு முப்பத்தாறு வயது. கீழ்மட்ட ஐஸ் ஹாக்கி லீக்குகளில் பதினாறு வருடமாகக் கோல்கீப்பர். எங்கள் கார்வில் அணி அவனுக்கு ஒன்பதாவது. லீக் முடிந்ததும் முன்னணி அணிகள் மட்டும் ஆடும் பிளே-ஆஃபில் ஒரு நிமிடம்கூட அவன் வலைக்கு முன்னால் நின்றதில்லை என்றால் நம்புவீர்களா? அவன் இருந்த நான்கு அணிகள் பிளே-ஆஃபுக்குப் போயின. நான்கிலும் இவன் மாற்று ஆள். தொப்பி போட்டுக்கொண்டு பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கதவு திறந்து விட்டுக்கொண்டிருந்தான்.

சும்மா உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான்? லீக் விதிப்புத்தகத்தைப் படித்தான். பஸ்ஸில் ஒன்பது மணி நேரப் பயணம் என்றால் ஒன்பது மணி நேரமும் அதுதான். பையன்கள் "வக்கீல்" என்று பட்டப்பெயர் வைத்து ஓட்டுவார்கள். யார் தோற்றால் யாருக்கு இடம் என்று கேட்கவும் அவனிடம்தான் வருவார்கள். கோச் மெர்வ் கஸ்கின் மட்டும் எதுவும் கேட்கமாட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் அச்சடித்த காகிதம் என்றாலே அவருக்கு ஆகாது.

அந்த ஜனவரியில் முதல் கோல்கீப்பரின் முழங்கால் போய்விட்டது. வலை ஹோலோவாட்டி கைக்கு வந்தது. இதுதான் கடைசி சீசன், பிளே-ஆஃபில் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்துவிடுகிறேன் என்று மனைவி ஜானெல்லிடம் சொல்லியிருந்தான்.

மார்ச்சில் கடைசி ஆட்டம். எங்களுக்கு எழுபது புள்ளி, டன்மோர் அணிக்கு எழுபத்தொன்று, பிளே-ஆஃபில் மிச்சமிருந்தது ஒரே இடம். புள்ளி சமமானால் இடம் எங்களுக்கு, ஏனென்றால் நேருக்கு நேர் நாங்கள்தான் அதிகம் ஜெயித்திருந்தோம். அதே நேரத்தில் டன்மோர் வேறு ஊரில் ஆடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஆட்டம் மூன்றுக்கு மூன்று என்று முடிந்தது. ஆளுக்கொரு புள்ளி கையில். பிறகு ஐந்து நிமிடக் கூடுதல் நேரம்: கோல் போட்டவனுக்கு இன்னொரு புள்ளி, தோற்றவனுக்குக் கையில் இருப்பது நிற்கும். ஆனால் அந்த வருடம் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். கூடுதல் நேரத்தில் கோல்கீப்பரை வெளியே எடுத்து, கோல் போட இன்னொரு ஆளை இறக்கிவிட்டு, காலி வலையில் கோல் வாங்கினால், கையில் இருந்த புள்ளியும் போச்சு.

இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது தொலைபேசியில் சேதி வந்தது. டன்மோர் ஆட்டம் இரண்டுக்கு இரண்டு, முழு நேரம் முடிய இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை. அப்படியானால் அவர்களுக்கு ஒரு புள்ளி உறுதி, நாம் ஜெயித்தே ஆகவேண்டும் என்று மெர்வ் முடிவு கட்டினார். கோல்கீப்பரைப் பார்த்துக் கையை வீசினார்.

ஹோலோவாட்டி பார்த்தான். அங்கே ஆட்டம் இன்னும் முடியவில்லை, கையில் இருக்கும் புள்ளியே போதுமானதாகிவிடலாம் என்று அந்த அரங்கத்தில் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பார்க்காத மாதிரி நின்றிருக்கலாம். மெர்வ் மறுபடி வீசினார். அவன் வந்துவிட்டான்.

நாற்பது நொடி கழித்து எங்கள் ஆள் ஒருவனின் மட்டையிலிருந்து நழுவிய வட்டு, பனித்தளம் முழுக்க வழுக்கிக்கொண்டு போய்க் காலி வலையில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது. உடனே ஒலிபெருக்கியில் அறிவிப்பு: டன்மோர் முழு நேரம் முடிய ஒன்பது நொடி இருக்கும்போது கோல் வாங்கித் தோற்றுவிட்டது, அவர்களுக்குப் புள்ளி எதுவும் இல்லை. அரங்கமே எழுந்து கத்தியது. பையன்கள் கையுறைகளை விட்டெறிந்தார்கள். இளவட்டத் தடுப்பாளன் ரெமி ஓடிவந்து கட்டிப்பிடித்தான்.

"வக்கீலே, உள்ள போயிட்டோம்யா!"

"இல்லடா," என்றான் ஹோலோவாட்டி. "வலை காலியா இருந்துச்சு."

எங்கள் புள்ளி போய்விட்டது என்று நடுவர் வந்து அதிகாரிகள் மேசையில் சொல்லி, அது ஒலிபெருக்கியில் வருவதற்குள் ஊரே கொண்டாடி முடித்திருந்தது. எங்களுக்கு வந்த எரிச்சலில் நடுவரைத் திட்டினோம். பாவம், அந்த ஆள் என்ன செய்வார்?

உடைமாற்றும் அறையில் ஹோலோவாட்டி கால்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. மெர்வ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கு இந்த விதி தெரியுமாடா?"

"தெரியும், கோச்."

"அப்புறம் ஏன்டா வந்தே? வேண்டாம்னு ஒரு கை காட்டியிருந்தா விட்டிருப்பேனே."

விட்டிருப்பார்தான். பதினாறு வருடத்தில் எந்தக் கோச்சிடமும் அப்படி ஒரு கை காட்டியதில்லை என்பது ஹோலோவாட்டிக்கு அப்போதுதான் உறைத்தது.

"கூப்பிட்டீங்க," என்றான். "வந்தேன்."